அக்காவின் கண்ணாடியும் என் ரம்மியும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று போன் ரம்மியில் நான் ஜெயித்ததைப் பார்த்து ஏழு கடல்களும் அலையை நிறுத்திக் கை தட்டின. போன வாரம் தோற்றது இதைப் போல் ஏழு மடங்கு. அதைக் கடல்களிடம் சொல்லவில்லை. என் கடைக்கு மூக்குக் கண்ணாடி வாங்க ஆள் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். ஏன்? அதற்கும் ஓய்வு வேண்டாமா!

மார்ச் 5, வியாழன்

அக்காவுக்கு வட்ட ஃப்ரேமில் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். ஒரு கையில் லென்ஸ், மறு கையில் ஆட்டம். ராவணனுக்கு இருபது கை எதற்கு என்றே புரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

அக்கா வீட்டுப் படியில் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிவு. நர்ஸாக இருக்கும் அவள் மகள் கண்ணாடியோடு கடைக்கு வந்தாள். "நாலு நாளா தரை சாயுதுன்னாங்க மாமா. கழட்டும்மான்னா, 'என் தம்பி போட்டது தப்பா இருக்காது, என் கண்ணுதான் பழகணும்'னுட்டாங்க."

சோதித்தேன். வலது லென்ஸ் இடப்பக்கம், இடது லென்ஸ் வலப்பக்கம். வட்ட ஃப்ரேமில் எதுவும் எங்கேயும் பொருந்தும். அதனால்தான் வலது லென்ஸில் புள்ளி வைப்பது என் முப்பது வருடப் பழக்கம். அன்று வைக்கவில்லை. அன்று கையில் மூன்று ஜோக்கர்.

மார்ச் 10

நான்தான்டா அவளைத் தள்ளிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கும் என்னை இன்று அக்கா மகள் சோதித்தாள்.

"தோத்ததை உடனே பிடிச்சுடணும்னு ஆடுறீங்களா?"

"வீரனுக்கு அதுதானே அழகு!"

"ஆடாத நாள்ல எரிஞ்சு விழறீங்களா?"

"எவன் சொன்னான்?" என்று எரிந்து விழுந்தேன்.

"எவ்வளவு ஆடுறீங்கன்னு அம்மாகிட்ட மறைச்சீங்களா?"

மேஜையில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"இதுல ஒண்ணு இருந்தாலே யோசிக்கணும் மாமா. உங்களுக்கு மூணும் இருக்கு."

"நான் எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை" என்றேன். சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்ச் 13, வெள்ளி

லென்ஸை மாற்றிப் போட்டதையும் ஏன் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா? பாவம், தெரியாம அதைத் திட்டிட்டேனே" என்றாள்.

மார்ச் 14, சனி

ஒரு வருடத்துக்கு என்னை உள்ளே விடாதீர்கள் என்று ரம்மிக்காரர்களுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். தன்னைத் தானே நாடு கடத்திய முதல் சக்கரவர்த்தி! செவ்வாய்தோறும் ஆலோசகரிடமும் போக வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். விரல் நமநமத்தது. ரம்மிக்காரர்களுக்கே போன் போட்டுத் திறக்கச் சொன்னேன். முடியாது என்றார்கள். கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன். ஒற்றைக் கையால் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கும் முன்பே சொன்னேன்.

"இன்னிக்கு ஆடப் பார்த்தேன்க்கா. விடலை."

"எத்தனை தடவை கேட்டே?"

"மூணு."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நீ புளுகினா ஆயிரத்துக்குக் கீழே இறங்க மாட்டே. மூணுன்னா நிஜம்தான். வா, அந்த நுனியைப் பிடி."

பிடித்தேன்.