கடைசியில் வரும் பேருந்து

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் நான்கு முறை போன் செய்து என்னைத் திட்டியிருப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு மறுபடி நடக்கப் பழக்கும் இல்லம் ஒன்றில், குழாய்களையெல்லாம் சக்கர நாற்காலி உயரத்துக்கு இறக்கிவைத்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான பேர் ஓட்டப்போகிற சைக்கிள் பயணத்தில் அந்த இல்லத்துக்குச் சில இடங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று எனக்கு! சும்மா இல்லை. தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டி, இல்லத்தார் சொன்ன தொகையை இந்த மாதக் கடைசிக்குள் அவர்களிடம் கட்ட வேண்டும். சேராவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

உன் பணிமனையில் எத்தனை ஓட்டுநர்கள்! ஆளுக்குக் கொஞ்சம் வாங்கித் தாயேன். நேற்று ஒரு வீட்டில் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்தபடியே நன்கொடை கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, உன் கூலியில கழிச்சுக்கோ" என்றார் அந்த அம்மா. என் பிழைப்பு இப்படிப் போகிறது.

உன் வாலு

மே 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியதைச் சொல்கிறேன்.

பேருந்தின் இடது கதவுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. எந்தக் கண்ணாடியிலும் அது விழாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு சைக்கிள் அங்கே வந்து நின்றால், என்னைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை. பச்சை விழுந்ததும் திருப்பிவிடுவேன். தினமும் அந்த நம்பிக்கையில்தான் இத்தனை பெரிய வண்டியைத் திருப்புகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சந்தைத் திருப்பத்தில் எனக்குக் கை அசையவில்லை. அந்த இடத்தில் நீ நிற்கிறாய் என்று தோன்றிவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். "என்னம்மா, தூங்கிட்டியா?" என்று பயணி ஒருவர் கத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் திருப்பினேன். அன்றிலிருந்து எல்லாத் திருப்பத்திலும் அதே கதை.

பயிற்சிக்கு நீ இதே சாலைகளில்தானே ஓட்டுவாய்? வேண்டாம்டா. அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான். நான் ஒரு காசு தரமாட்டேன். யாரையும் தரவிடவும் மாட்டேன்.

உன் அக்கா

மே 17

அன்புள்ள அக்கா,

தரவிடமாட்டேன் என்றால் நிஜமாகவே விடமாட்டாயா? சித்தப்பா போன் செய்தார். "உங்க அக்கா அழறாப்பா. நான் காசு குடுத்து உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்கிறார். அத்தையோ பேச்சையே மாற்றிவிட்டாள். பாதிகூடத் தேறவில்லை.

நியாயமாக உன் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். ஏனோ வரவில்லை.

என் படம் போட்டு இல்லத்தில் கொடுத்த வேண்டுகோள் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டினால் ஒட்டு, கிழித்தால் கிழி. கிழித்தால் சொல்லிவிடு.

வாலு

மே 25

தம்பி,

நான் உன் தாளைக் கிழிக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்தாகிவிட்டது.

ஓய்வறைப் பலகையில் ஒட்டி, அடியில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்: "இவன் என் தம்பி. தயவுசெய்து யாரும் பணம் தராதீர்கள். தந்தால் சைக்கிளோடு சாலைக்கு வந்துவிடுவான். கண்ணாடியில் தெரியாத இடம் எது என்று நமக்குத் தெரியும்." ஓட்டுநர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்ததுதான் வினையாகிப் போனது.

மறுநாள் பலகைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா. நேற்று அதைத் தூக்கினால் கனக்கிறது. திறந்தால் அத்தனையும் பணம். "யாருங்க போட்டது? வேணாம்னு எழுதியிருக்கேனே!" என்று கத்தினேன். மீசைக்காரர் மட்டும் வாயைத் திறந்தார். மூன்று வருடமாக வண்டி எடுக்காமல் அலுவலக அறையிலேயே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். "உன் தம்பிக்கு யாரும்மா குடுத்தா? அந்த இல்லத்துக்குக் குடுத்தோம். நான் இடிச்ச பொண்ணு அங்கதான் நடக்கப் பழகுச்சு. சத்தியமா நான் பாக்கவே இல்லம்மா."

தினமும் என்னோடு ஒரே மேசையில் டீ குடிக்கிற மனிதர். இத்தனை நாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

உனக்குக் குறைந்ததற்கு மேலேயே இருக்கிறது. யாரிடம் என்று திருப்பிக் கொடுப்பேன்? வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. உன் பெயரில் இல்லத்துக்கே கட்டிவிட்டேன். கட்டிவிட்டு வெளியே வந்ததும்தான் உறைத்தது. இனி உன்னைத் தடுக்க என் கையில் எதுவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

அக்கா

மே 31

அக்கா,

ரசீது வந்தது. பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

உன் முதல் கடிதம் வந்த பிறகு, பணம் சேராது என்ற தைரியத்தில்தான் நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சிக்குக் கிளம்பிய முதல் வாரமே ஒரு பேருந்து என் தோளை உரசிக்கொண்டு திரும்பியது. ஓட்டுநருக்கு நான் அங்கே இருந்ததே தெரியாது. அதன் பிறகுதான் உன் கடிதம் வந்தது. அன்றிலிருந்து சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. இல்லத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா தடுத்துவிட்டாள், பணம் சேரவில்லை என்று பழியை உன் தலையில் போட்டுவிட்டு நழுவிவிடலாம் என்றிருந்தேன். உன் மேல் கோபம் வராததற்கு அதுதான் காரணம்.

இப்போது உன் ஆட்கள் கொடுத்துத் தொலைத்துவிட்டார்களே! பயணத்தன்று சாலையில் வேறு வண்டி எதுவும் விடமாட்டார்களாம். ஒரே ஒரு பேருந்து மட்டும் எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து வருமாம், முடியாமல் நின்றுவிடுகிறவர்களை ஏற்றிக்கொள்ள. அதை நினைத்தாலே எனக்கு முதுகு கூசுகிறது.

"போகாதே" என்று ஒரு வரி எழுது. நான் போகவில்லை.

வாலு

ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

"போகாதே" என்று எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதி மறுபடி கிழித்தேன்.

அப்புறம் எழுந்து மேலாளரிடம் போனேன். நீ சொல்கிற அந்தப் பேருந்து எங்கள் பணிமனையிலிருந்துதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை, அதுவும் ஆமை வேகம். எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நான் எடுக்கிறேன் என்றேன். "திருப்பத்துக்குத் திருப்பம் எறங்கிப் பாத்துட்டு வர்ற நீயா?" என்று கேட்டார். "நானேதான் சார்" என்றேன். மீசைக்காரரும் வருகிறார். இடது கதவருகே நின்றுகொண்டு, கண்ணாடியில் விழாத அந்த இடத்தை அவர் பார்த்துக்கொள்வார். பேருந்தில் அவர் கால் வைத்தே மூன்று வருடம் ஆகிறது.

எனக்குப் பயம் போகவில்லை. உனக்கும் போகாது. போகட்டும் என்று காத்திருந்தால் நாம் இருவரும் அந்தச் சைக்கிளோடு மாடிப்படிக்கு அடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

எனக்காக ஒன்று செய். யாரையும் முந்தாதே. எல்லோரையும் போகவிட்டுக் கடைசி ஆளாக ஓட்டு. வேலைக்குப் போட்டுக்கொள்வாயே, அந்த மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொள். உன்னைக் கண்ணாடியில் தேடுகிற வேலை எனக்கு வேண்டாம். என் கண்ணுக்கு நேராகப் போய்க்கொண்டிரு.

பின்னால் பேருந்துச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே. அது நான்தான்.

உன் அக்கா