ஒன்பதை வெட்டிய கணக்கு

திருகோணமலை,
செவ்வாய்

அன்புள்ள மகள் மரியசீலி,

மாதா உங்களைக் காக்கட்டும். பேத்தியின் காய்ச்சல் விட்டதா? மருமகனைச் சுகம் கேட்டதாகச் சொல். நான் சுகம். நேற்று ரியூசனில் சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

துறைமுகத்தடி ரியூசன் நிலையத்தில் பிள்ளைகளின் வீட்டுக்கணக்குத் திருத்துவதுதானே என் வேலை. ஒரு பிள்ளை 19/95 ஐச் சுருக்குவதற்கு, மேலும் கீழும் இருந்த ஒன்பதை வெட்டிவிட்டு 1/5 என்று எழுதியிருந்தாள். பூச்சியம் போட்டேன். தகப்பன் வந்து எல்லோர் முன்னும் கத்தினார்.

“விடை சரிதானே அன்ரி? கண் தெரியேல்லையெண்டால் வீட்டில இருங்கோவன்!”

“அப்ப 13/35 இலயும் மூண்டை வெட்டுங்கோ தம்பி. அதுவும் அஞ்சில ஒண்டோ?”

கைபேசியில் கணக்குப் பார்த்தார்; விடை பிழையென்று கண்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் நிலையம் நடத்தும் ரஜீவன் மாஸ்டர், பெற்றோருக்குப் பயந்த மனிதர், என்னைக் கூப்பிட்டார்.

“ரீச்சர், இனி விடையை மட்டும் பாருங்கோ. ஏலாதெண்டால் வராதேங்கோ.”

இரண்டு சிவப்புப் பேனையும் கருவாட்டுச் சம்பலும் அனுப்பு. கொஞ்சம் போதும், தனியேதான் சாப்பிடுகிறேன். பதிலை இரண்டு பக்கமாவது எழுது.

இதைக் கொண்டுவரும் மன்னார் பஸ் வெளிக்கிடப் போகிறது. “வேலையை விட்டு வாங்கோ” என்று மட்டும் எழுதாதே. அப்பா போனபின் யார் கையையும் பாராமல் இருக்கத்தான் இங்கே வந்தனான். நாளைக்கும் போவேன். வழி பிழைத்த ஒவ்வொரு கணக்குக்கும் பூச்சியம் போடுவேன். மாஸ்டருக்குத் துணிவிருந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை எழுப்பி அனுப்பட்டும்.

அம்மா