முகம் பெயர்ந்த முத்திரை

என் தங்கமே,

தெசலோனிக்கா மடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காதே. என் ஈய முத்திரையோடு, “உடனே வா” என்று ஒரு கடிதம் உனக்கு வரும். எழுதியது உன் சித்தப்பன் பர்தாஸ். உன்னைத் தன் அடியாள் ஒருவனுக்குக் கட்டிவைத்து நம் நிலங்களை விழுங்கப் பார்க்கிறான். என் கூந்தலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, என் கையாலேயே முத்திரை குத்த வைத்தான்.

அந்தக் கடிதத்தை அனுப்பியதும் நிலப் பத்திரத்தை நீட்டினான்.

“சீக்கிரம் அண்ணி. ஒரே தட்டு, முடிஞ்சுது. பொம்பளைக்கு எதுக்குத் தனி முத்திரை?”

“ஈயம் நழுவுது. நீங்களே பிடிங்க கொழுந்தனாரே.”

பிடித்தான். ஈயத்தை நடுவில் வைத்துச் சுத்தியலால் தட்டும் முத்திரை இடுக்கி அது; அதன் இரும்புத் தாடைகளுக்கு நடுவே அவன் விரல்கள். சுத்தியலை ஓங்கி இறக்கினேன். அலறிக்கொண்டு மண்டியிட்டான். அடுத்த அடியை நெற்றியில் போட்டேன். அதற்கப்புறம் அலறவில்லை.

அவன் மோதிரத்து நீலக்கல் பட்டு, இடுக்கியில் செதுக்கியிருந்த மாதாவின் முகம் பெயர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்து ஈயத்தைப் பார், முகமே இருக்காது. இன்றைக்கு நான் மனசாரக் குத்தியது இது ஒன்றுதான். முகம் முழுசாக உள்ளது வந்தால் அடுப்பில் போடு.

சமையல்காரி இதைப் பின்வழியாகக் கொண்டுவருகிறாள். அவளுக்கு முதலில் சாப்பாடு போடு. முன்வாசல் கதவை அவன் ஆட்கள் கோடரியால் பிளக்கிறார்கள்.

பிளக்கட்டும். சுத்தியல் என் மடியில்தான் இருக்கிறது.

உன் அம்மா