கல்லில் இருக்கிறவன்

1975 நவம்பர் 10, திங்கள்

பருத்திக்காட்டில் களை மண்டிக் கிடக்கிறது. கமலாத்தாள் வரவில்லை. காலையிலேயே தலைக்குக் குளித்து, அரளிப்பூப் பறித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து முக்குக்குப் போய்விட்டாள். அங்கேதான் செத்துப்போன சென்னிமலையின் நினைவுக்கல் இருக்கிறது. என் கூட்டாளி. பட்டாளத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். எழுபத்தொன்று டிசம்பரில் அவன் போனான், நான் திரும்பினேன். அவன் பெண்சாதி கமலாத்தாளை நான் கட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. திங்கள் தவறாமல் கல்லுக்குப் போகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ?

நவம்பர் 13

மூன்று நாளாக அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நவம்பர் 18

இன்று தனியே போய்க் கல்லைப் பார்த்தேன். எல்லையோர ஊர் ஆயிற்றே, தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து. ‘போர்முனையில் எதிரியை எதிர்த்து வீழ்ந்த வீரன்.’

அத்தனையும் என் வாயிலிருந்து போன வார்த்தை. அவன் எதிரியைப் பார்க்கவே இல்லை. முனைக்குப் போகும் வழியில் அவன் இருந்த லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. பின்னால் வந்த லாரியில் நான். சேற்றிலிருந்து அவனை இழுத்துப் போட்டது நான். ஊருக்கு வந்தபோது அவள் எதிரே நின்று, “எப்படிங்க போனாரு?” என்றாள். இருபது வயசு. வாய்க்கால் என்று சொல்ல மனசு வரவில்லை. சண்டை என்றேன். குண்டு என்றேன். ஊர் அதை அப்படியே கல்லில் வெட்டிவிட்டது.

சண்டையில் நின்றவன் நான். கால்விரல் இரண்டைக் கொடுத்தவன் நான். எனக்கு யார் பூ வைத்தார்கள்?

— என்ன எழுதுகிறேன். செத்தவனோடு போட்டியா?

நவம்பர் 27

பஞ்சாயத்து பிரசிடெண்ட் வந்தார். டிசம்பர் ஒன்பதாம் தேதி சென்னிமலைக்கு அனுஸ்மரணக் கூட்டமாம், நினைவுநாள் கூட்டத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்; சித்தூரிலிருந்து தாசில்தார் வருகிறாராம். “மாரப்பா, நீதானப்பா பேசோணும். கூட இருந்தவன் நீ ஒருத்தன்தான்” என்றார். கதவோரம் நின்று கமலாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சம்! நான் பேசப்போகிறேன் என்பதற்காக இல்லை. அவனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதற்காக.

பேசுகிறேன் என்றேன். உண்மையைப் பேசுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் எந்தக் கல்லுக்குப் பூக் கொண்டுபோவாள், பார்க்கலாம்.

டிசம்பர் 3

குழம்பில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

இன்றும் கிளம்பினாள். வாசலில் மறித்து நின்றேன். “நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். அவன் சண்டையில சாகலை. லாரி கவுந்து செத்தான். நான் சொன்னது பூராப் பொய்” என்றேன். உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். அதைப் பார்க்கத்தானே காத்திருந்தேன் — என்ன மனுஷன் நான்!

அவள் அழவில்லை. “தெரியுமுங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“லாரி கவுந்த சேதி. பட்டாளத்துக் காயிதத்துலயே இருந்துச்சு. சித்தூர் போஸ்டாபீசுல வாசிச்சுச் சொன்னாங்க. நீங்க ஊருக்கு வர்றதுக்கு முந்தியே தெரியுமுங்க.”

“அப்புறம் என்னத்துக்கு என்னைக் கேட்டே?”

“கூட இருந்தவரு வாயால கேக்கோணும்னு இருந்துச்சு. நீங்க எனக்கோசரம் பொய் சொன்னீங்க. பொறவு நீங்க என்னையக் கட்டிக்கிறேன்னு வந்தப்ப, அந்தப் பொய்ய நெனச்சுத்தான் சரின்னேன்.”

என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் காட்டுக்குப் போகவில்லை.

டிசம்பர் 9

தாசில்தார் மாலை போட்டார். நான் எழுந்து நின்றேன். பத்து நாளாக நெஞ்சுக்குள் கூர் தீட்டி வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. சண்டைக்குப் போகிற வழியில் லாரி கவிழ்ந்து இறந்தான் என்றேன். முன்பு சொன்னது நான் கட்டிய கதை என்றேன். பிரசிடெண்ட் முகம் சுருங்கியது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

அப்புறம் எங்கிருந்தோ வந்தது. சப்பாத்தியைக் கண்டாலே அவன் படும் பாட்டைச் சொன்னேன். பஞ்சாபிச் சமையல்காரனுக்குக் களி கிண்டச் சொல்லிக்கொடுக்கப் போய், அண்டாவையே கருக்கிவிட்டு, இரண்டு பேரும் அதைத் தேய்த்த கதையைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. கமலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனை எனக்கும் எவ்வளவு பிடிக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

டிசம்பர் 11

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கடைசியா ஏதாச்சும் பேசினாருங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இழுத்து வெளியே போடும்போதே உயிர் இல்லை, முகத்துச் சேற்றை மட்டும் என் சட்டையால் துடைத்தேன் என்றேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

அழுதாள். அவனுக்காகத்தான் அழுதாள். எனக்கு இப்போதும் பொறாமைதான். ஆனால் சாய்ந்து அழுதது என் தோளில். வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.