உப்பு ஓடும் நேரம்

நாளைக் காலை பிளம்பர் வந்து நிற்கும்போது நான் என்ன சொல்லப் போகிறேன்? உன் வீட்டுக்குப் போகும் குழாயை வெட்டிவிடுங்கள் என்றா, இருக்கட்டும் என்றா? மாலையிலிருந்து யோசிக்கிறேன். 

தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னருக்குப் போட வாங்கிய கல் உப்பு மூட்டையைப் பிரித்தபோதுதான் உனக்கு எழுதத் தோன்றியது. ஈரம் கோத்த உப்புக்கு ஒரு மணம் உண்டு. நம் இரண்டு வீட்டுப் பின்கதவுகளும் திறக்கும் அந்தச் சந்தில் எப்போதும் அந்த மணம்தான். நீ இறந்து, உன் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டி, வாடகைக்கு விட்டு, எல்லாம் நடந்த பிறகும் அது அப்படியே இருக்கிறது.

ஒரே மனையில் இரண்டு வீடு கட்டி, நடுவில் ஒரே போர் போட்டு விற்றவனை நீ எத்தனை முறை திட்டியிருப்பாய். கோச்சடைக்கு வந்த புதிதில் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குளியலறைத் தரையில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். நான் அதைப் பொறுத்துக்கொண்டேன். நீதான் காளவாசலில் சாஃப்ட்னர் விற்கும் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்து என்னை இழுத்துப் போனாய். கடைக்காரர் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து மருந்துச் சொட்டு விட்டார். பாட்டிலில் கொண்டுபோன நம் வீட்டுத் தண்ணீர் ஒயின் நிறமானது, கருவி வழியாக வந்தது நீலமானது. அவர் போன் பேசத் திரும்பியபோது நான் புதிதாக இரண்டு டம்ளர் நிரப்பி, இடம் மாற்றி வைத்து, என் கையால் சொட்டு விட்டேன். அப்போதும் நீலம் நீலமாகவே வந்தது.

"இந்தப் புரொபசரம்மா, சாமியே நேர்ல வந்தாலும் ஆதார் கார்டு கேப்பா" என்று கடையே கேட்கும்படி சொன்னாய்.

கருவி வந்த பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. உப்பைப் போட்டுத் தண்ணீரை நல்லதாக்குவது எப்படி? தேடிப் படித்தேன். அந்த உருளைக்குள் கடுகைவிடச் சிறிய ரெசின் மணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். போர்த் தண்ணீர் ஊடே இறங்கும்போது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், சோடியம் நீரோடு போய்விடும். நாளடைவில் மணிகளில் இடம் தீர்ந்துபோகும். அப்போது அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே விட்டால், ஒட்டியிருந்தவை விலகிச் சாக்கடைக்குப் போய்விடும். நன்றாக அலசிவிட்டால் மணிகள் மறுபடி வேலைக்குத் தயார்.

இதை நான் விளக்கியபோது நீ கொட்டாவி விட்டாய். "இதுக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு? காளவாசல்ல ஒரு கூட்டம் பஸ்ஸுல ஏறுனா, உள்ள இருக்கவன் பின்வாசல் வழியா பிதுங்கி விழ மாட்டான்? அதான்."

"சீட்டில் உட்கார்ந்திருப்பவன் எழுந்திருக்க மாட்டானே" என்றேன். கால்சியத்தின் பிடிப்பு சோடியத்தைவிட வலுவானது என்று படித்திருந்தேன்.

"கூட்டம் மேல கூட்டமா ஏறுனா எந்திரிப்பான்டி. மூச்சு முட்டி எந்திரிப்பான்."

அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

நாம் வாங்கியது கையால் திருகும் வகை. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலையில், உப்பு விட வேண்டும். வீடுகளுக்குப் போகும் குழாயின் வால்வு வெகு சீக்கிரம் தேய்ந்துபோய், முழுதாக மூட மறுத்தது. அதனால் உப்பு ஓடி அலசி முடியும்வரை யார் குழாயைத் திறந்தாலும் கடல் தண்ணீர். நீ சந்தில் நின்று கத்துவாய்: "உப்பு ஓடுது! யாரும் குழாயத் தொடாதீக!" அந்த ஒரு மணி நேரமும் சமைக்க முடியாது, துவைக்க முடியாது. நாம் இருவரும் அவரவர் பின்வாசல் படியில் எதிரெதிராக உட்கார்ந்துவிடுவோம். உன் வீட்டுக்காரர் ஒருநாள் மறந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார். "இனி தீர்த்தமாட ராமேஸ்வரம் போகவே வேணாம், வீட்லயே முடிஞ்சிருச்சு" என்றார். நீ படியைத் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

வால்வை மாற்று, மாற்று என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் என்பாய். நானும் தலையாட்டுவேன்.

என் கணவர் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டார் என்பதை முதலில் உன்னிடம்தான் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை, கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. உப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்றுகூட நீ கேட்கவில்லை. நேரம் ஆகி, அலசி முடிந்து, வெளியே விழும் தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. நீ எழுந்திருக்கவில்லை.

உள்ளிருந்து உன் வீட்டுக்காரர் குரல் வந்தது. "ஏம்மா, ஆச்சா இல்லையா? நான் சோப்பப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்!"

"இன்னும் அலசல! செத்த பொறுங்க!" என்று பொய் சொன்னாய். என் முகத்தைப் பார்க்காமல் வடிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அழுது முடித்த பிறகுதான் வால்வைத் திருப்பினாய்.

இப்போது உன் வீட்டில் செல்வி என்ற நர்ஸ், கணவனோடும் பிள்ளையோடும் குடியிருக்கிறாள். சமயநல்லூர்க்காரி. வந்த அன்றே பின்வாசலில் நின்று, "அக்கா, எம்புட்டு ஊத்துனாலும் கை வழுவழுன்னே இருக்கு, சோப்பு போகவே மாட்டேங்குது" என்றாள். மென்மையான தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவளிடம் சனிக்கிழமை விஷயத்தையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் என் குரல் உன் குரல்போல இரண்டு வீட்டுக்கும் எட்டாது. போன வாரம் நான் கூப்பிட்டது கேட்காமல் பிள்ளைக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்துவிட்டாள். பிள்ளை துப்பிவிட்டு வீறிட்டது. அவள் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கிறாள்.

இன்று கோயம்புத்தூரில் மகன் வீட்டிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, பொதுவுல ஒரு லைன் கெடந்தா நாளப்பின்ன வம்புதான். வெட்டிட்டு நேரா போர்த் தண்ணி விட்டா அவங்க பாட்டுக்கு அவங்க, நீங்க பாட்டுக்கு நீங்க. நாளைக்கு பிளம்பர வரச் சொல்லிருக்கேன். ஆனாலும் நீங்க என்ன சொல்றீகளோ அதான்" என்றார்.  

அவர் சொல்வது நியாயம். தனி ஒருத்திக்குக் கொஞ்சம் தண்ணீரே போதும். கருவிக்கும் வேலை குறையும். வெட்டாதே என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. வெட்டு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. குழாய்க்காகவா, உனக்காகவா என்று கேட்டால் அதையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ எனக்குக் கொடுத்தவற்றில் மிச்சமிருப்பது 'இன்னும் அலசல' என்ற அந்தப் பொய்தான். யாராவது என்னிடம் கலங்கி நின்றால் இப்போதெல்லாம் நான் கடிகாரம் பார்ப்பதில்லை.

மறுநாள் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். பிளம்பர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள், இரவு டியூட்டி முடிந்து வந்த செல்வி சந்தில் வந்து நின்றாள். "அண்ணே, லைன வெட்டிராதீக. இந்தத் தண்ணியிலதான் என் வெள்ளை யூனிஃபார்ம் பழுப்பு ஏறாம இருக்கு. குழாயத் தொறக்காதங்கிறதுதான் எனக்குச் சரிப்படல" என்றாள்.

பிளம்பர் குனிந்து பார்த்தார். "இந்த வால்வ மாத்தி, கருவியச் சுத்திப் போற மாதிரி ஒரு துண்டுக் குழாய் போட்டா முடிஞ்சு போச்சு. உப்பு ஓடுறப்பக்கூட போர்த் தண்ணி வீட்டுக்குப் போகும். இத்தன வருஷமா ஏன்க்கா மாத்தல?"

"சும்மா விட்டுவிட்டோம்" என்றேன்.

மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் உப்பைக் கரைத்து ஓடவிட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்வி குளித்து, துணி அலசி, பின்கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போனாள். யாரையும் எச்சரிக்க வேண்டியிருக்கவில்லை. அலசி முடியும்வரை நான் படியில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் சுற்றுக் குழாயை அடைக்கப் புது வால்வைத் திருப்பினேன். அது எளிதாக, முழுதாக மூடியது.