படத்தில் இல்லாத கயிறு

கோத்தன்பர்க்,
டிசம்பர், ஞாயிறு மாலை.

என் மகன் கிப்ரோமுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ பக்கத்தில் இல்லாத குறை ஒன்றுதான். அந்த வடக்குக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மிக்கேல் சம்மனசு காவல் நிற்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் "அம்மா, சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதற்குத்தான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அதோடேதான் பஸ் ஓட்டுகிறார், சொன்னால் கேட்பதில்லை. போன வாரம் கோவிலில் ஒரு கூத்து நடந்தது. சுவீடன்காரர்கள் பூசை முடித்துக் கோவிலை நமக்கு விட்டுப்போன பிறகு சாம்பிராணி கொஞ்சம் அதிகமாகிவிட்டது, கூரையில் இருக்கும் புகை மணி அலறி, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. சாமியார் ஹப்தோம் பூசையை நிறுத்தவே இல்லை, வந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரைகூட எனக்கு நிலைக்கவில்லை, வெளியே காலணி மாட்டும்போதே நம் ஊர்க்காரி லெதாய் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

உன் மீன் தொழிற்சாலையில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்துப் படம். நீ எனக்கு அனுப்பவில்லை, ஊரெல்லாம் பார்த்துவிட்டது. நம் சபைக்குக் கிறிஸ்து பிறப்பு ஜனவரியில்தானே, இது நோன்புக் காலம் என்பது உனக்குத் தெரியாதா? உன் முன்னால் ஒரு தட்டு, அதில் பன்றி விலா. அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கிறது, உன் கழுத்தில் ஞானஸ்நானக் கயிறு இல்லை. "என்ன அப்ரஹெத், உன் பையன் கழுத்து வெறுங்கழுத்தா இருக்கு? வெள்ளைக்காரி யாராச்சும் அவுத்துட்டாளா?" என்று லெதாய் கேட்டாள். அவள் நாக்கில் கொள்ளிக்கட்டையை வைக்க. வெளிச்சம் சரியில்லை, கயிறு உள்ளே இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன், வரும் வழியெல்லாம் டிராமில் அழுதேன்.

உன்னைக் கேட்டதற்கு, தட்டு பக்கத்தில் இருந்தவனுடையது என்றாய், சரி, நம்பினேன். கயிற்றுக்கு என்ன பதில் சொன்னாய்? "மெஷின்ல மாட்டிக்கும்னு கழட்டச் சொன்னாங்க அம்மா." விருந்தில் எந்த மெஷினப்பா இருந்தது? அதைக் கேட்டதும்தான் சிக்னல் போய்விட்டது.

கிப்ரோம், உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குக் கட்டிய கயிறு அது. பதினாறு வயதில் நீ தனியாகப் புறப்பட்டுப் போனாய், லிபியாவில் உங்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்து, கயிறு இருந்தால் கிறிஸ்தவன் என்று தனியாக இழுத்துக்கொண்டு போனார்கள் என்றாய். நீ அதை அவிழ்த்து, சுருட்டி, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றாயாமே. நீ எங்களை இங்கே வரவழைத்த அன்று விமான நிலையத்தில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். கத்தி முனையில் விடாததை, யாரும் ஒரு வார்த்தை கேட்காத ஊரில் விட்டுவிட்டாயா? இதுதான் எனக்குப் புரியவில்லை, சோறு இறங்கவில்லை.

சாமியாரிடம் சொன்னேன். "கயித்தைப் பத்திக் கேக்காத தாயே, பிள்ளையைப் பத்திக் கேளு" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார், பெற்றவள் நானல்லவா. அப்பா வழக்கம்போல "விடுடி, மீசை முளைச்ச ஆம்பளை அவன்" என்றார். ஆனால் காலையில் நான் எழுந்து வரும்போது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பஸ் நேரம் பார்த்ததாகச் சொன்னார்.

இதோடு வரும் பார்சலில் நோன்புக்கு ஷிரோ கடலை மாவும் மிளகாய்ப் பொடியும் வைத்திருக்கிறேன், ஈரம் படாமல் வை. அதற்குள் ஒரு சின்ன உறையில் புதுக் கயிறு இருக்கிறது, கறுப்பு நூலை நானே முறுக்கினேன். மெஷினுக்குப் பயம் என்றால் வேலை முடிந்து கட்டிக்கொள். அங்கே இருக்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள் என்றால் சட்டைக்குள் போட்டுக்கொள், ஆண்டவருக்குச் சட்டைக்குள்ளும் கண் தெரியும். அதெல்லாம் இல்லை, மனசே விட்டுப்போய்விட்டது என்றால், எனக்காகப் பொய்யாகக் கட்டிக்கொள்ளாதே மகனே. குப்பையிலும் போட்டுவிடாதே. என்னிடமே கொடுத்துவிடு, என் கயிற்றோடு சேர்த்து நான் கட்டிக்கொள்கிறேன். நீ திரும்பக் கேட்கிறவரைக்கும் உனக்கும் சேர்த்து நான் போட்டிருப்பேன், எனக்கு அது ஒரு பாரமா?

போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும், மாதா உன்னை முந்தானையில் மூடிக் காக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கயிற்றைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

தினமும் உன் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி மன்றாடுகிற,
அம்மா அப்ரஹெத்.