புளிப்பு தொடங்கும் இடம்

அன்புள்ள ரிப்போர்ட்டர் அண்ணா,

இன்று காலை கதவைத் திறந்ததும் காப்பிப் பழத்தோல் ஊறும் புளிப்பு வாசம் மூக்கில் ஏறியது. பழம் பறிக்கும் பருவம் வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் வரும் முதல் பருவம். உங்கள் காரியத்தன்று அண்ணி என் கையில் கொடுத்த வெள்ளைப் பீங்கான் கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

அந்தக் கோப்பையோடுதான் முதல்முறை நாகலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். எங்கள் குடிநீர்த் தொட்டிக்கு வரும் ஓடைத் தண்ணீர் பருவம்தோறும் பழுப்பாகிவிடும். குழந்தைகளுக்கு வயிறு கெடும். மேலே இருக்கும் பெரிய எஸ்டேட்தான் காரணம் என்று ஊரே சொன்னது. அப்போது வார்டு மெம்பராக இருந்த நானும் அதையே சொல்லித்தான் சேலத்திலிருந்து உங்களை வரவழைத்தேன். எஸ்டேட்டைக் கிழித்துத் தொங்கவிடுவீர்கள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீங்களோ எஸ்டேட் பக்கமே போகாமல், தொட்டியிலிருந்து ஓடையோரமாக ஏறத் தொடங்கினீர்கள். தொந்தி மூச்சு வாங்கவைத்தது, செருப்பு வழுக்கியது, முணுமுணுத்தபடியே ஏறினீர்கள். வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் எல்லாம் கோப்பையில் மொண்டு, நிறம் பார்த்து, முகர்ந்தீர்கள். எஸ்டேட்டை ஒட்டிய இடத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, நாங்கள் பழம் உரிக்கும் வாடகை பல்பர் மெஷினை நிறுத்தும் கரையில்தான் புளித்தது. தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று ஊர் முழுக்க அங்கேயே பழத்தோலை உரித்து, கொட்டையைக் கழுவி, கழுவிய நீரை ஓடையிலேயே விட்டுக்கொண்டிருந்தோம். நம் வீட்டுத் தண்ணீர் கொஞ்சம்தானே என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

பேப்பரில் அதை அப்படியே எழுதிவிட்டீர்கள். ஊரே கொதித்தது. அடுத்த முறை வந்தபோது டீக்கடையில் உங்களுக்கு டீ கிடைக்கவில்லை. எனக்கும் கோபம்தான். எங்கள் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று போனில் சண்டை போட்டேன்.

"அம்மிணி, நான் ஆள எழுதலீங்க, எடத்தத்தான் எழுதியிருக்கறேன். ஆளத் திட்டினா சண்டதான் வரும். எடம் தெரிஞ்சா குழி வெட்டலாமுங்க."

முறுக்கிக்கொண்டு திரிந்த ஊர், கடைசியில் கிராம சபையில் உங்கள் செய்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டது. மெஷின் கரையை விட்டு மேலேறியது. தோட்டத்துக்குத் தோட்டம் கழிவுநீர்க் குழி வெட்டினோம். அதன் பிறகு பருவம்தோறும் நீங்களே வந்து ஓடையோரம் நடப்பீர்கள். பேப்பரில் வருவதற்குள் தண்ணீர் காத்திருக்காது என்று, கண்டதை பஸ் நிறுத்தக் கரும்பலகையிலும் எழுதிவிட்டுப் போவீர்கள். அதைப் பார்த்துத்தான் தொட்டிக்கு வால்வைத் திறப்பார்கள். அதே டீக்கடைக்காரர், "நொம்ப நாளாச்சுங்களே" என்று இஞ்சி டீ நீட்டுவார்.

இன்று நான் தனியாக நடந்தேன். உங்கள் முணுமுணுப்பு இல்லாமல் அந்த ஏற்றம் பிடிக்கவேயில்லை, அண்ணா. கோப்பைத் தண்ணீர் புளித்த இடம் எங்கள் தோட்டத்துக்கு நேர் கீழே. மழையில் எங்கள் குழி நிரம்பி வாய்க்காலில் வழிந்துகொண்டிருந்தது. நேராகப் போய்க் கரும்பலகையில் எழுதினேன்.

அந்தப் பக்கமாக வந்த என் வீட்டுக்காரர், "நம்ம ஊட்டுத் தோட்டத்த நீயே எழுதிப் போடறயா?" என்றார்.

"ஆள எழுதலீங்க. எடத்தத்தான்."

 அவர் வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினார். நாளை காலை மறுபடியும் மொண்டு பார்ப்பேன். அதுவரை எங்கள் தோட்டத்தின் பெயர் பலகையில் இருக்கும்.

உங்கள் அம்மிணி